தெப்பத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் மில்லுக்குச் சொந்தமான கல்குவாரிப் பள்ளம் ஒன்று பசுவந்தனை ரோட்டில் இருக்கிறது. கல் வெட்டுவதை நிறுத்திப் பதினெட்டு வருடமாகிறது. மழைத்தண்ணீர் தேங்கி நாற்பதடி ஆழத்துக்கு நிற்கும். சுற்றிலும் கரிசல்காடு வெடித்துக் கிடக்கிற கோடையிலும் அது வற்றியதில்லை. அந்தத் தண்ணீர் மேல்தான் முதலாளி இரண்டு சோலார் மிதவைகளை இறக்கினார். நிலத்தை அடைக்க வேண்டாம், தண்ணீர் ஆவியாகாது, கீழே குளிர்ச்சி இருப்பதால் பேனலும் சூடேறாது என்று விற்க வந்தவர்கள் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் பார்த்த அன்றைக்கே அதற்குத் தெப்பம் என்று பேர் வைத்துவிட்டார்கள். நாங்களும் ரிப்போர்ட்டில் மிதவை என்று எழுதிவிட்டு வாயால் தெப்பம் என்றுதான் சொல்வோம்.

நான் மாரிராஜ், மில்லில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். இருபத்தாறு வருட சர்வீஸ். கரண்டைத் தவிர வேறெதற்கும் பயந்தவனில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஆள். அது எவ்வளவு பொய் என்பது அந்தப் பள்ளத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டு தெப்பத்தில் ஒன்று சும்மா தெற்கே பார்த்துக் கட்டிக் கிடந்தது. மற்றது வட்டமானது. காலையில் கிழக்கே பார்த்து நிற்கும், பொழுது நகர நகர அதுவும் தண்ணீரில் மெதுவாகத் திரும்பி, சாயங்காலம் மேற்கே பார்க்கும். அதன் நடுவில் ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில் தேங்காய்மூடி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள்ளே இடதும் வலதுமாக இரண்டு கண்கள், நடுவில் ஒரு தடுப்பு. எந்தக் கண்ணில் வெளிச்சம் கூடுதலாக விழுகிறதோ அந்தப் பக்கமாக மோட்டார் கயிற்றை இழுத்துத் தெப்பத்தைத் திருப்பும். இரண்டிலும் சமமாக விழுந்துவிட்டால் நிற்கும். அதற்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

அந்தத் திரும்பும் தெப்பத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆப்பரேட்டர் வேண்டும் என்றார்கள். வந்தவள் சுடலைச்செல்வி. குவாரியிலிருந்து நாலு கிலோமீட்டரில் அவளுடைய ஊர். டிப்ளமா படித்தவள். புருஷன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். செல்வி அதற்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு போன் கம்பெனியில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்திருக்கிறாள். பத்து மாதப் பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் போனவள், பொங்கலுக்கு லீவில் வந்தபோது பிள்ளை அவளைப் பார்த்து "அக்கா" என்று கூப்பிட்டிருக்கிறது. மறு வாரமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊரோடு வந்துவிட்டாள். எங்கள் மில்லில் சம்பளம் பாதிதான். ஆனால் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம். பிள்ளை காவியா இப்போது அம்மாவை அம்மா என்று கூப்பிடுகிறது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னிடம் சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

அந்த வேலை நிலைக்குமா என்பது ஒரு கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது நாள் டெஸ்ட். கட்டிக்கிடக்கிற தெப்பத்தைவிடத் திரும்புகிற தெப்பம் நூற்றுக்குப் பன்னிரண்டு யூனிட்டாவது கூடுதலாகத் தர வேண்டும். தந்தால் முதலாளி இன்னும் நாலு வாங்குவார், செல்விக்கு வேலை நிரந்தரம். தராவிட்டால் மோட்டாரைக் கழற்றிக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டு, இதையும் தெற்கே பார்த்துக் கட்டிவிடுவார்கள். கட்டிக்கிடக்கிற தெப்பத்துக்கு ஆப்பரேட்டர் எதற்கு? மேனேஜர் கிருஷ்ணகுமார் இதை அவளிடம் நேராகவே சொல்லிவிட்டார். அவர் எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆளில்லை.

முதல் ஏழு நாள் பதிமூன்றுக்குக் குறையவில்லை. செல்வி விடிந்ததும் ஃபைபர் படகில் போய்க் கொக்கு எச்சத்தைக் கழுவுவாள், கயிற்றின் இறுக்கம் பார்ப்பாள், பாசியை வாரி எடுப்பாள். எட்டாம் நாள் ஆயுத பூஜை.

ஆயுத பூஜை என்றால் எங்கள் மில்லில் நூல் சுற்றுகிற ஸ்பிண்டிலில் இருந்து வாட்ச்மேன் விசில் வரைக்கும் பொட்டு உண்டு. மில் வேலையை முடித்துக்கொண்டு, பொரிகடலையும் வாழைப்பழமும் சந்தனக் கிண்ணமுமாகக் குவாரிக்குப் போனேன். சந்தனத்தைக் கரைத்தது நான். கொஞ்சம் தண்ணீர் கூடிப்போயிற்று. செல்வி மோட்டாருக்கு வைத்தாள், கயிற்று உருளைக்கு வைத்தாள், பேனல் வரிசைகளின் சட்டத்துக்கு ஒவ்வொன்றாக வைத்தாள், படகுக்கும் வைத்தாள். கையைத் துடைக்கப் போனவளிடம் நான்தான் சொன்னேன்.

"ஏம்மா, கண்ண விட்டுட்டியே. அதுதான இதுக்கு எல்லாமே."

அவள் ஏணியை எடுத்துப் போட்டு ஏறி, குமிழின் நடுநெற்றியில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நாங்கள் சூடம் காட்டிவிட்டுக் கரைக்கு வந்தோம். நீர்த்துப்போன சந்தனம் மெல்ல வழிந்து வலது கண்ணின், அதாவது மேற்குப் பக்கத்துக் கண்ணின் மேல் இறங்கிக் காய்ந்தது.

மறுநாள் எட்டு. அதற்கு மறுநாள் ஏழு. பிறகு ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருந்தது.

பதினோரு நாள் தேடினோம். இப்போது சொன்னால் சிரிப்பு வரும், அப்போது வரவில்லை. மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். எங்காவது கரண்ட் கசிகிறதா என்று கேபிள் முழுக்க மெக்கர் வைத்துச் சோதித்தேன். செல்வி முந்நூற்றுச் சொச்சம் பேனலையும் தினம் இரண்டு தடவை கழுவினாள். கோயம்புத்தூரில் இருந்து கம்பெனி எஞ்சினியர் ப்ரியதர்ஷினி போனிலேயே செட்டிங்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். தெப்பத்தின் ஓரத்தில் இருந்த சிவப்புக் கண்ட்ரோல் பெட்டியின் திரையில் இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் பூஜ்யம் என்றே காட்டியது. மெஷின் சந்தோஷமாக இருந்தது, யூனிட்தான் வரவில்லை.

இதில் விசேஷம், செல்வி மூன்று தடவை ஏணியில் ஏறி அந்தக் குமிழைத் துடைத்தாள். பொட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்தாள். நானும் ஏறிப் பார்த்தேன், பொட்டில் கை படாமல்தான் தொட்டேன். வைத்த பொட்டை எங்கள் பக்கத்தில் யாரும் துடைப்பதில்லை, அதுவாகத்தான் உதிர வேண்டும். மூன்று வருடத்துப் பொட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்த மீட்டர் பெட்டி மில்லில் இருக்கிறது. எச்சம் என்றால் அழுக்கு, பாசி என்றால் அழுக்கு. சந்தனம் அழுக்கு என்று எவனுக்குத் தோன்றும்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம்.

அந்த நாட்களில் செல்வி மெலிந்துபோனாள். சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பாள். மீதி நாளில் தினம் எத்தனை வந்தால் சராசரி பன்னிரண்டைத் தொடும் என்று பார்ப்பாள். தினமும் அந்த எண் ஏறிக்கொண்டே போயிற்று. பத்தொன்பதாம் நாள் அது பதினாறைத் தாண்டியபோது கால்குலேட்டரை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் முத்துத்தாய் சண்டைக்கு வந்தாள். குவாரிக் கரையில் ஆடு மேய்க்கிறவள், எனக்கு மதினி முறை. கையில் தொரட்டிக் கம்போடு நேராகச் செல்வியிடம் போனாள்.

"ஏட்டி செல்வி, ஒங்க தெப்பத்த நம்பி நான் கெட்டேன். நேத்து ரெண்டு குட்டிய நாய் கொதறிட்டு."

"தெப்பம் என்ன செஞ்சுது மதினி?" என்று நான் கேட்டேன்.

"அந்தச் செவப்புப் பெட்டி ஒடமரத்துக்கு நேரா வந்துட்டுன்னா ஆட்டத் திருப்பிருவேன். வீட்டுக்குப் போயி அடைக்கச் சரியா இருக்கும். இப்பம் பெட்டி மரத்துக்கு வாரதுக்குள்ள இருட்டிப்போவுது. பூசைக்கு அப்புறம் இப்பிடித்தான். பொழுது முன்னால போவுது, ஒங்க தெப்பம் பின்னால நொண்டிக்கிட்டு வருது."

எங்களைத் தவிர அந்தத் தெப்பத்தைத் தினமும் பார்த்தவள் அவள் ஒருத்திதான். நாங்கள் திரையைப் பார்த்தோம், அவள் தெப்பத்தைப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஆடு இருந்தது.

செல்வி வானத்தைப் பார்த்தாள், தெப்பத்தைப் பார்த்தாள். மேற்கே பார்க்க வேண்டிய நேரத்தில் அது தென்மேற்கே பார்த்துக்கொண்டு நின்றது. ஓடிப்போய்ப் படகை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன். ஏணியில் நின்று குமிழுக்கு நேராக முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டை விரலை எச்சில்படுத்தி மேற்குக் கண்ணைத் தேய்த்தாள். மோட்டார் உறுமியது. எங்களையும் சேர்த்துக்கொண்டு தெப்பம் சூரியனைப் பார்க்கத் திரும்பியது. மங்கிப்போன அந்தக் கண்ணிலும் சமமாக வெளிச்சம் விழட்டும் என்றுதான் அது இத்தனை நாள் சூரியனுக்குப் பிந்தியே நின்றிருக்கிறது.

ஏணியிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொடச்சாச்சுல்லா, பேசாம இருந்துருவோம். யாருக்குத் தெரியப் போவுது" என்று கரைக்கு வரும்போது சொன்னேன்.

"பேசாம இருந்தா சராசரி வராது அண்ணாச்சி. டெஸ்ட்டுல தோத்துப்போவும். உள்ளத உள்ளபடி சொன்னா இந்தப் பதினோரு நாளக் கழிச்சுட்டுத் திரும்ப வைப்பாவ."

"யாரு வச்சதுன்னு கேப்பாவளே."

"கேக்கத்தான் செய்வாவ."

கேட்டார்கள். மறுநாள் மேனேஜர் ரூமில் கிருஷ்ணகுமாரும், அதற்காகவே கோயம்புத்தூரில் இருந்து வந்த ப்ரியதர்ஷினியும் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பொட்டு, வழிந்தது, துடைக்காமல் விட்டது, முத்துத்தாய் சொன்னது எல்லாம்.

"கண்ணுல போயி யாரு வச்சது?" என்றார் கிருஷ்ணகுமார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். சந்தனத்தைக் கரைத்தவன் நான், ஏறி வை என்று சொன்னவன் நான். இருபத்தாறு வருட சர்வீஸ்காரன் சென்சார்மேல் பூசச் சொன்னான் என்று கேண்டீன் வரைக்கும் பேச்சாகிவிடும் என்று நினைத்தேன். மேஜையில் இருந்த டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய் ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் அதுவும் பொய். நான்தான் மூடிக்கொண்டேன்.

"நாந்தான் சார் வச்சேன்" என்றாள் செல்வி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கிருஷ்ணகுமார் கோபப்படவில்லை, வயிறு குலுங்கச் சிரித்தார். "நாங்கூட என் கம்ப்யூட்டருக்கு வச்சிருக்கேன் பாரு" என்று திரையின் மூலையில் இருந்த குங்குமத்தைக் காட்டினார். ப்ரியதர்ஷினி சிரிக்கவில்லை. அவள் லேப்டாப்பில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னது ரொம்ப உபயோகமுங்க செல்வி" என்றாள் கடைசியில். "அதை அப்படியே ரிப்போர்ட்டா எழுதிக் குடுங்க. எந்தத் தேதி, எவ்வளவு நேரம் பின்தங்குச்சு, எல்லாம் வேணுங்க."

செல்வி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொரு நாளும் தெப்பம் எத்தனை நிமிஷம் பிந்தியது என்று முத்துத்தாயிடம் விசாரித்து, யூனிட்டோடு ஒத்துப்பார்த்து, படம் போட்டுக் கொடுத்தாள். நாலு பக்கம். அவ்வளவு சுத்தமான ரிப்போர்ட்டை நான் என் சர்வீஸில் எழுதியதில்லை.

டெஸ்ட் முதலிலிருந்து தொடங்கியது. ஐப்பசி மழை கெடுத்த நாட்களைத் தள்ளி முப்பது நாள் எடுத்துக்கொண்டார்கள். சராசரி பதின்மூன்றரை. செல்வி மில்லுக்குக் கடலைமிட்டாய் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்கு ஒரு பாக்கெட்டாகவே தந்தாள். வாங்கிக்கொண்டேன். முதலாளி சொன்ன சொல் மாறாமல் நாலு தெப்பத்துக்கு ஆர்டர் போட்டார்.

மாசி மாதம் நாலும் லாரியில் வந்து இறங்கின. செல்விதான் உருப்படிகளைச் சரிபார்த்து எடுத்தாள். மிதப்பு, சட்டம், மோட்டார், கயிறு எல்லாம் இருந்தன. கம்பமும் குமிழும் இல்லை. விட்டுப்போயிற்று என்று நினைத்துக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"விட்டுப்போகலைங்க" என்றாள் ப்ரியதர்ஷினி. "புது மாடல்ல கண்ணே கிடையாதுங்க. வருசம் முச்சூடும் எந்த நிமிசம் சூரியன் எங்க இருக்கும்னு கணக்கு ஏற்கெனவே இருக்குதுங்களே. அந்தக் கணக்குப்படி இங்கிருந்தே திருப்பிக்குவோம். உங்க ரிப்போர்ட்டைப் பாத்துத்தான் எங்க ஆபீஸ்ல முடிவு பண்ணுனாங்க. பழசுல இருக்கறதையும் கழட்டிரலாம்."

"அப்பம் இங்கன ஆளு?" என்று கேட்டாள் செல்வி.

ப்ரியதர்ஷினி அதுவரைக்கும் அதை யோசித்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். கெட்ட பெண் இல்லை.

"அதை உங்க மேனேஜர்தாங்க சொல்லணும்."

மேனேஜர் சொன்னார். பேனல் கழுவப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை காண்ட்ராக்ட் ஆள் வருவான், மற்றதெல்லாம் கோயம்புத்தூரில் இருந்து. மில்லுக்குள்ளே டிப்ளமா படித்தவளுக்குக் காலியிடம் இல்லை. "உன்மேல ஒரு குத்தமும் இல்லம்மா. நல்ல லெட்டர் தாரேன்" என்றார். சொன்னபடி நல்ல லெட்டர்தான் கொடுத்தார். அந்த லெட்டருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாரத்தில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலும் உண்டு.

பகல் ரயிலுக்கு வழியனுப்பக் கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போயிருந்தேன். புருஷன் நாக்பூர் பக்கம் லோடு ஏற்றிப் போயிருந்தான். பிள்ளை தூங்கும்போதே கிளம்பி வந்ததாகச் சொன்னாள். ஒரு டிராவல் பை, ஒரு கட்டைப்பை. வந்த ஸ்கூட்டியை வெளியே நிறுத்தியிருந்தாள்.

"அன்னைக்கு மேனேஜர் ரூம்புல நான் சொல்லியிருக்கணும் செல்வி" என்றேன். ஐந்து மாதம் கழித்து, ரயில் வரப்போகிற நேரத்தில்.

"நீங்க சொல்லியிருந்தா மட்டும் கண்ண வச்சிருப்பாவளா அண்ணாச்சி?"

வைத்திருக்க மாட்டார்கள். அது உண்மைதான், அவள் என்னை ஆற்றுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது. என் வேலை எனக்கு இருந்தது, என் பென்ஷன் எனக்கு இருந்தது, நான் பத்திரமாக இருந்தேன்.

"ஒரு ஒத்தாசை செய்யுதீங்களா? வண்டிய வீட்டுல விட்டுருங்க. நாத்தனாரு சந்தனமாரி இருப்பா. அவ ஓட்டிப் படிச்சுக்கிடுவா" என்று சாவியைக் கொடுத்தாள். ரயில் வந்தது, ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் இல்லை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெயிலில் அவள் ஊருக்குப் போனேன். பசுவந்தனை ரோட்டில் குவாரியைத் தாண்டும்போது ஆறு தெப்பமும் தெரிந்தன. கட்டிக்கிடக்கிற ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் சொல்லிவைத்தாற்போல ஒரே பக்கம் பார்த்து நின்றன. நான் வண்டியை நிறுத்தவில்லை.

அவள் தெருவில் திரும்பி ஹாரன்கூட அடிக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் உள்ளே இருந்து பிள்ளை ஓடிவந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. வாசலுக்கு வந்து என்னைப் பார்த்ததும் நின்றது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தது. பிறகு வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய், எனக்குப் பின்னால் சீட்டில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தது.

சாவியைச் சந்தனமாரியிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது பிள்ளை வண்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.